ஓதம் ஏறும் சுவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்கள் ஒரே பேச்சாக இருக்கும்: சுவரின் அடிப்பகுதி பொரிகிறது, வெள்ளையாகப் பூக்கிறது, பெயின்ட் பட்டை பட்டையாக உரிகிறது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு முப்பது ஆண்டுகளாகக் காவிரிப் படுகை வீடுகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் வருகிறேன். இந்த மாதப் பக்கம் முழுவதையும் ஓதத்துக்கே, அதாவது சுவரில் ஊறும் ஈரத்துக்கே, ஒதுக்கிவிட்டேன். சமையலறை மேடையைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி:
ஐயா, எங்கள் வீடு 1983-இல் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கூடத்தின் மேற்குச் சுவரிலும் அதை ஒட்டிய படுக்கையறையிலும் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு உப்பிக்கொண்டு விழுகிறது. மூன்று முறை சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டோம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தினால் ஓதம் நின்றுவிடும் என்று ஓர் ஒப்பந்தக்காரர் சொல்கிறார். இது உண்மையா? இத்தனை துளை போட்டால் சுவரின் பலம் குறையாதா?

பதில்:
உண்மைதான் அம்மா. முறையாகச் செய்தால் ஓதம் நிற்கும். ஆனால் அந்த ரசாயனம் ஒரே ஒரு வகை ஈரத்தைத்தான் நிறுத்தும்: நிலத்திலிருந்து சுவர் வழியாக மேலே ஏறி வரும் ஈரத்தை. குழாய்க் கசிவுக்கோ, வெளிச்சுவர் விரிசலில் புகும் மழைநீருக்கோ, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் நீருக்கோ அது மருந்தல்ல. முன்பணம் கொடுப்பதற்குள் உங்கள் வீட்டு ஈரம் எந்த வகை என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

செங்கல்லும் கலவையும் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே மயிரிழையைவிட நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஏறிய நீர் சுவரின் இரண்டு பக்கமும் காற்றில் ஆவியாகிறது. ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நின்றுவிடும். ஒன்பது அங்குலச் சுவரில் அது பெரும்பாலும் மூன்றடி, நான்கடியில் இருக்கும். நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. அது மண்ணிலிருந்து சுமந்துவந்த உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கிவிடுகிறது. அங்கே படிகமாக வளர்ந்து, பூச்சைப் பிளந்து, பட்டியையும் பெயின்ட்டையும் வெளியே தள்ளுகிறது. நீங்கள் மூன்று முறை சுரண்டியபோதும் மேல்தோலை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். உப்பு அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஒரு விவரத்தை உங்கள் கடிதத்தில் காணோம். 2004 டிசம்பர் 26 அன்று உங்கள் வீட்டுக்குள் கடல்நீர் வந்ததா? வந்திருந்தால் கதையே வேறு. கடலுப்பு ஏறிய சுவர், தரை ஈரமே இல்லாவிட்டாலும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு கசியத் தொடங்கிவிடும். அடைமழை நாளில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி நசநசப்பதும் இதனால்தான். அப்படிப்பட்ட சுவருக்குத் துளை போட்டுப் பயனில்லை. உப்பேறிய பூச்சை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். முன்பு மாடு கட்டிய கொட்டகையை ஒட்டிய சுவர்களிலும் இதே தொல்லை உண்டு. கோமியத்திலிருந்து ஊறிய நைட்ரேட் உப்பு ஆண்டுக்கணக்கில் சுவரை விடாது.

ஏறும் ஓதமா என்று அறிய நான் செய்வது இதுதான். தரையிலிருந்து அரையடி, இரண்டடி, நான்கடி, ஆறடி உயரங்களில் சுவரில் ஒவ்வொரு துளை போடச் சொல்வேன். வெளிவரும் தூளைக் காகிதத்தில் பிடித்து விரலில் தேய்த்துப் பார்ப்பேன். உலர்ந்த சுவரின் தூள் மஞ்சள்பொடியைப் போல விரலிலிருந்து பறந்துவிடும். ஓதச் சுவரின் தூள் துளையிடும் ஊசியின் புரிகளில் களிம்பாக அப்பிக்கொள்ளும். விரலில் அழுத்தினால் சந்தனம்போல ஒட்டும். கீழே களிம்பாகவும் மேலே போகப் போகப் பொடியாகவும் வந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. ஆறடி உயரத்திலும் களிம்பாகவே வந்தால் ரசாயனப் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையையும் குழாயையும் பாருங்கள்.

ஏறும் ஓதம்தான் என்று உறுதியானால் வேலையைத் தொடங்கலாம். இன்று நல்ல ஒப்பந்தக்காரர்கள் பயன்படுத்துவது சிலேன், சிலோக்சேன் வகைப் பசை. தயிர்போலக் குழைவாக இருக்கும். துளைக்குள் நிரப்பியதும் சுவரின் ஈரத்தோடு கலந்து பரவி, செங்கல்லிலும் கலவையிலும் உள்ள சிலிக்காவோடு பிணைந்துகொள்கிறது. அது நுண்துளைகளை அடைப்பதில்லை. அந்த நுண்துளைகளின் உள்பக்கம் முழுவதையும் சேப்பங்கிழங்கு இலையைப்போல நீர் ஒட்டாததாக ஆக்குகிறது. ஒட்டாத இடத்தில் நீரால் ஏற முடியாது. ஆவி மட்டும் வெளியே போகும். இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ‘சுவரையே அடைத்துவிடுகிறோம்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தன் கையிலுள்ள பொருளைப் பற்றித் தெரியவில்லை என்று பொருள்.

துளைகள் செங்கல்லில் அல்ல, இரண்டு வரிசைச் செங்கற்களுக்கு இடையே உள்ள கலவை மட்டத்தில் வர வேண்டும். விட்டம் 12 மில்லிமீட்டர், இடைவெளி 120 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறத்தாழ எட்டு அங்குல ஆழம் துளைத்து, மறுபுறம் உடையாமல் நிறுத்த வேண்டும். வெளி நிலமட்டத்திலிருந்து குறைந்தது அரையடி மேலே, அதே சமயம் உள்தரைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வரிசை அமைய வேண்டும். கலவையில் போடும் இந்தச் சிறு துளைகளால் ஒன்பது அங்குலச் சுவரின் பலத்துக்குக் கேடு வராது. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். மின்கம்பிக் குழாய் எங்கே போகிறது என்று முதலில் குறித்துக்கொள்வதுதான் முக்கியம். கரையான் மருந்துக்குப் போடும் துளைகள் வேறு, இவை வேறு. இரண்டையும் ஒரே துளையில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

அளவையும் நீங்களே சரிபார்க்கலாம். இந்தக் கணக்கில் ஒரு துளைக்கு இருபது மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பசை பிடிக்கும். முப்பதடி நீளச் சுவருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர். அரை லிட்டரில் முடித்துவிட்டேன் என்றால் துளைகள் பாதிக்குமேல் காலியாக இருக்கின்றன. நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழலைத் துளையின் அடிவரை விட்டு, பின்னோக்கி இழுத்துக்கொண்டே நிரப்ப வேண்டும். வாயில் வைத்து அழுத்தினால் உள்ளே காற்றுதான் நிற்கும்.

மேற்குச் சுவரோடு மதில் சுவர் ஏதாவது ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மதிலின் ஓதம் பக்கவாட்டில் வீட்டுச் சுவருக்குள் புகும். ஒட்டும் இடத்தில் செங்குத்தாகவும் ஒரு வரிசைத் துளை வேண்டும். இதை மறந்ததனால் தோற்ற வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

துளை போட்டதோடு வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் கிளம்பினால் விடாதீர்கள். ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குக் கலவையையும் அரை அங்குலம் சுரண்ட வேண்டும். வெளிவரும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். கொத்திய காரையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், புதுக் கலவையில் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது. மூன்று, நான்கு வாரம் சுவரை அப்படியே திறந்து போட்டு, பூக்கும் உப்பை வாரம் ஒரு முறை பெருக்கிவிட்டுப் பிறகு பூசுங்கள். சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் ஆறு பங்கு என்பது என் கை பழகிய கலவை. ஜிப்சம் பூச்சு கூடவே கூடாது. புதுப் பூச்சின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் தூக்கி நிற்கட்டும். இல்லையென்றால் துளை வரிசையைத் தாண்டி ஓதம் ஏறப் பூச்சே ஏணியாகிவிடும். அந்த இடைவெளியைச் சுவரோரப் பட்டைக் கல் மறைத்துவிடும்.

பிறகு காத்திருக்க வேண்டும். ஓர் அங்குலச் சுவர் உலர ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது மாதம். அதுவரை வெறும் சுண்ணாம்பு வெள்ளை அடித்து வையுங்கள். மகளுக்கு வைகாசியில் நிச்சயதார்த்தம், அதற்குள் பெயின்ட் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைச் சுவரோடு நிச்சயம் நடக்கட்டும் அம்மா. அவசரப்பட்டுப் பட்டி பார்த்தால் நான்காவது முறையாக உரியும்.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்:
நாங்கள் குடிவந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். முன்னறைச் சுவர் முழுக்க ஓதம். ரசாயனத் துளை போதுமா?

பதில்:
உங்கள் வீடு இறங்கவில்லை ஐயா, தெரு ஏறிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, கட்டும்போது சுவருக்குள் வைத்த ஓதத்தடுப்பு மட்டம் இப்போது மண்ணுக்கடியில் போயிருக்கும். தடுப்பு நன்றாகவே இருந்தாலும், அதற்கு மேலே வெளிப்புறத்தில் மண் அணைத்திருந்தால் ஈரம் பக்கவாட்டில் புகுந்துவிடும்.

துளையைப் பற்றி யோசிப்பதற்கு முன் வெளிச்சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுங்கள். முடிந்தால் உள்தரைக்கு அரையடி கீழே வரை. அந்தப் பள்ளத்தில் கருங்கல் ஜல்லி நிரப்பி, மழைநீர் தேங்காமல் வடிகாலில் சேரும்படி வாட்டம் கொடுங்கள். மண்ணைத் தொடும் வெளிப்பூச்சை வெட்டி நீக்குங்கள். இவ்வளவு செய்தாலே பல வீடுகளில் ஈரம் பாதியாகக் குறைகிறது. இடமில்லை, தெருவே சுவரை ஒட்டி இருக்கிறது என்றால், ரசாயன வரிசையைப் புதிய தெருமட்டத்துக்கு அரையடி மேலே போடலாம். ஆனால் அதற்குக் கீழே உள்ள சுவர்ப்பகுதி ஈரமாகத்தான் இருக்கும். மண்ணழுத்தத்தோடு தள்ளும் நீரை இந்தப் பசை தாங்காது. அந்தப் பகுதிக்கு உட்புறம் தனியாக நீர்த்தடுப்புப் பூச்சு தேவை.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பலர் செய்திருக்கிறார்கள். தூக்கும்போது புதிய ஓதத்தடுப்பு மட்டத்தையும் சேர்த்து அமைத்துவிடலாம் என்பது அதிலுள்ள பெரிய லாபம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வீட்டை நேரில் பார்த்து எழுதிக்கொடுக்காமல் அதில் இறங்காதீர்கள்.

இன்னொன்று. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலர் உத்தரவிட்டிருக்கிறார். அடுத்த முறை தார் வண்டி வருவதற்கு முன்பே, தெருக்காரர்கள் கையெழுத்திட்டு மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள். தனி மனிதர் சொல்வதைவிட இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து சொல்வது எடுபடும்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்:
தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பதினெட்டு அங்குலச் சுவர்கள். இரண்டாங்கட்டில் வழுவழுப்பான பழைய பூச்சு அடியில் கறுத்து உதிர்கிறது. அதை எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, ரசாயனமும் செலுத்தலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்:
வேண்டாம். தயவுசெய்து அந்தப் பூச்சின்மேல் உளி படுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கையால் மெருகேற்றிய அந்தப் பூச்சை இன்று திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. போனால் போனதுதான். சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு உண்டு. ஏறும் ஈரத்தை அது உடம்பு முழுவதும் ஆவியாக விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசினால் மூச்சு அடைபடும். வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டின் விளிம்பைத் தேடி இன்னும் மேலே ஏறும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 1996-இல் பாபநாசம் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் நானே செய்தேன். படிப்பு முடித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கூடத்துச் சுண்ணாம்புப் பூச்சை நான்கடி உயரத்துக்குக் கொத்திவிட்டு, நீர்த்தடுப்புத் திரவம் கலந்து ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவை பூசினேன். முதல் ஆண்டு கண்ணாடிபோல இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே, ஆறடி உயரத்தில், ஈரம் படர்ந்தது. மூன்று தலைமுறை பார்த்த தேக்கு நிலையின் கால் மெத்தென்று ஆகிவிட்டது. விரல் நகத்தால் கீறினால் நார் வந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். 2001-இல் அந்தச் சிமென்ட் முழுவதையும் எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பில் மீண்டும் பூசினேன். கொல்லையில் துவைக்கும் கல்லின் நீர் சுவரடியில் தேங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கால்வாய் வெட்டிவிட்டேன். இரண்டு ஆண்டில் ஈரக்கோடு அரையடிக்குக் கீழே இறங்கிவிட்டது. ரசாயனம் ஒரு சொட்டும் செலுத்தவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் முதலில் முற்றத்தைப் பாருங்கள். முற்றத்து நீர் வெளியேறும் தூம்பு அடைத்திருக்கிறதா? ஒரு குடம் நீரை ஊற்றி, தெருவில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். இரண்டாங்கட்டுத் தரையில் அண்மையில் பளபளப்பான டைல் பதித்தீர்களா? அதுவும் காரணமாக இருக்கலாம். முன்பு தரை வழியாகவும் ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம், டைல் மூடியதும் சுவரை நோக்கித் திரும்பும். உதிரும் இடத்தை மட்டும் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டுப் போடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே அடியுங்கள். இரண்டு மழைக்காலம் பாருங்கள். அதன் பிறகும் குறையவில்லையென்றால் துளையைப் பற்றிப் பேசலாம். சுண்ணாம்புச் சாந்தில் பசை நன்றாகவே பரவும், ஆனால் பதினெட்டு அங்குலச் சுவருக்கு ஆழம், அளவு எல்லாம் இரட்டிப்பு. மண்சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் துளையே வேண்டாம். ஊசி பட்டதும் சாந்து பொலபொலவென்று கொட்டும்.

திருச்சி உறையூரிலிருந்து ஒரு வாசகி:
குளியலறைக்கு அடுத்த சுவரில் நான்கடி உயரத்தில் தொடங்கி வட்டமாக ஈரம். கோடையிலும் காயவில்லை.

பதில்:
நிலத்திலிருந்து ஏறுவது அடியில் தொடங்கும், வட்டமாக நடுவில் தொடங்காது. மழையில்லாத காலத்திலும் காயாமல் இருப்பது குழாய்க் கசிவின் அடையாளம். இரவு படுக்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சாக்கட்டியால் குறியுங்கள். காலையில் எழுந்ததும், யாரும் தண்ணீர் எடுப்பதற்கு முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. இறங்காவிட்டால் கழிவுநீர் போகும் பாதையைச் சந்தேகியுங்கள். குளியலறைத் தரையில் நீர் வடியும் துளையில் சாயம் கலந்த நீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் சுவர் சொல்லிவிடும். பிளம்பருக்கான வேலை இது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்:
ஓதம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்துச் சிவப்பு விளக்கைக் காட்டி, வீடு முழுவதும் ரசாயனம் செலுத்த வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்துவிட்டார்கள். நம்பலாமா?

பதில்:
இரண்டு முள் உள்ள அந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. முட்களுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. உப்பேறிய பூச்சிலும் மின்சாரம் எளிதாகப் பாயும். உலர்ந்த சுவராக இருந்தாலும் உப்பு இருந்தால் சிவப்பு எரியும். மரத்துக்கென்று அளவு குறித்த கருவியைச் செங்கல்லில் வைத்துப் படிப்பவர்களும் உண்டு.

சரியான சோதனை எடைச் சோதனை. சுவருக்குள் இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில், சூடேறாமல் மெதுவாகத் துளைத்து எடுத்த தூளை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் உடனே அடையுங்கள். அருகில் உள்ள பொறியியல் கல்லூரியின் கட்டடப் பொறியியல் ஆய்வகத்தில் துல்லியத் தராசும் 105 டிகிரியில் உலர்த்தும் அடுப்பும் இருக்கும். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் ஈரம் எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும். அடிப்பகுதித் தூளில்கூட 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் கடுமையான ஏறும் ஓதம் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு முழுவதும் ஒரே அளவில் ஓதம் ஏறுவது மிக அரிது. அறை அறையாகச் சோதித்துத் தேவையான சுவருக்கு மட்டும் மதிப்பீடு கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்:
புது வீடு கட்டுகிறோம். கடைக்கால் முடிந்து பேஸ்மட்டம் வந்துவிட்டது. பின்னால் ஓதம் வராமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, இந்தக் கேள்வியை இந்தக் கட்டத்தில் கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். இன்று சில ஆயிரத்தில் முடிவது, பத்தாண்டு கழித்துப் பல மடங்கு செலவாகும்.

பேஸ்மட்டத்தின் தலைப்பில், சுவரின் முழு அகலத்துக்கும், எங்கும் அறுபடாமல் 40 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போடுங்கள். நீர்த்தடுப்புப் பொடியோ திரவமோ அதில் கலந்திருக்க வேண்டும். ஒரு வாரம் நனைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மேலே சூடான தார் இரண்டு கை பூசி, மணல் தூவி, அதன்மேல் சுவர் எழுப்புங்கள். கொத்தனார் அவசரத்தில் தாரை விட்டுவிடுவார். நின்று செய்யச் சொல்லுங்கள். இரும்புக் கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட் இருக்கிறதே என்று சிலர் இதைத் தவிர்ப்பார்கள். கம்பி போட்டதனாலேயே கான்கிரீட் ஓதத்தைத் தடுத்துவிடாது.

உங்கள் ஊரில் அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். உவர் ஆழ்குழாய் நீரில் கலவை போட்டால் உப்பை நீங்களே சுவருக்குள் வைத்துக் கட்டுகிறீர்கள். கலவை நீரில் குளோரைடு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 456 (IS 456) சொல்லும் வரம்பு. நீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். சுவரை நனைப்பதற்கும் அதே நல்ல நீர்தான்.

செங்கல்லையும் சோதியுங்கள். உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள். மூன்று கிலோ கல் ஊறியபின் மூன்று கிலோ அறுநூறைத் தாண்டினால், அதாவது எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் குடித்தால், அந்தச் சுமையைத் திருப்பி அனுப்புங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்:
போன ஆண்டு ரசாயனத் துளை போட்டு ஆறு மாதம் ஆகிறது. இந்த மழையில் மறுபடி ஈரத் திட்டுகள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்:
பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் துளைகளை அடைத்த சிமென்ட் பொட்டுகள் பழைய பெயின்ட்டின் மேலேயே தெரிகின்றன. பூச்சை எடுக்கவே இல்லை என்று அதிலிருந்து புரிந்துகொள்கிறேன். பத்து, இருபது ஆண்டு உப்பு அதில் இருக்கிறது. நிலத்து ஈரம் நின்றிருந்தாலும் மழைக்காற்றின் ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சித் திட்டுத் திட்டாகக் கசியும். வெயில் வந்ததும் மறைந்துவிட்டால் அதுவே உறுதி. பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசித் தருமாறு கேளுங்கள். ஒப்பந்தத்தில் அந்த வேலை எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒன்பது அங்குலச் சுவர் முழுவதும் உலர்ந்துவிடாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி:
வாடகை வீடு. குழந்தை தூங்கும் அறையில் சுவர் ஈரமாகிக் கறுப்புப் பூஞ்சை படிகிறது. அவனுக்கு இருமல் நிற்கவில்லை. வீட்டுக்காரர் எதுவும் செய்ய மறுக்கிறார். மூன்றடிக்கு டைல் ஒட்டினால் மறைந்துவிடும் என்கிறார்.

பதில்:
டைல் மறைக்கும், நிறுத்தாது. மறைத்த ஈரம் டைலுக்கு மேலே ஏறி வரும். இதை வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள் அம்மா.

அவர் இசையும்வரை காத்திருக்க வேண்டாம். குழந்தையின் கட்டிலை இன்றே அந்த அறையிலிருந்து மாற்றுங்கள்; வேறு அறை இல்லையென்றால் எதிர்ச்சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளிப் போடுங்கள். அந்தச் சுவரில் அலமாரி இருந்தால் அரையடி முன்னால் இழுங்கள், பின்னால் காற்றுப் போகட்டும். ஈரத் துணிகளை அந்த அறையில் காயப்போடாதீர்கள். பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், காற்றில் பறந்து குழந்தையின் மூச்சில் போகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே எறிந்துவிடுங்கள். இருமலுக்கு மருத்துவரிடம் போகும்போது சுவரின் படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் நாளை வரை தள்ளிப்போட முடியாதது. ஈரம் ஏறிய பகுதியில் மின்சாரப் பிளக் பெட்டி இருக்கிறதா? இருந்தால் அதற்குப் போகும் இணைப்பை இன்று மாலைக்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் துண்டிக்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை குழந்தையை அந்தச் சுவர்ப்பக்கம் விடாதீர்கள். துண்டித்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு எந்தச் சுவரைத் துளைத்துப் பார்ப்பது என்று அடுத்த கடிதத்தில் பேசலாம். சிதம்பரம் எனக்குத் தொலைவில்லை, தேவைப்பட்டால் நேரிலேயே வந்து பார்க்கிறேன்.